மூணு ஞாயிறு

மக்ளே,

இங்கே எல்லாரும் சுகம். ரப்பர் மரத்துல இலை முழுக்க உதிர்ந்து கிடக்கு. வெட்டு நிறுத்தி பத்து நாளாச்சு. விடியக்காலம் நாலு மணிக்கு முழிப்பு வந்தாலும் போக இடமில்லை. ஃபோனை எடுத்து நீ ஜெர்மனியில இன்செல்ல எடுத்து அனுப்பின ஐஸ் ஸ்கேட்டிங் வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கேன். "ஓடின பிள்ளைகளுக்கே அலுத்திருக்கும்"னு அம்மா ஏசுகா.

நல்லா எடுத்திருக்கே. முதல்ல எனக்கு ஒண்ணும் விளங்கல. ஜூனியர் உலகப் போட்டிங்கா, ரெண்டே ரெண்டு பேர் ஓடுகாங்க, மீதிப் பேரெல்லாம் எங்கேன்னு நினைச்சேன். பக்கத்துல ஓடுறவகிட்ட இல்லை, கடிகாரத்துகிட்டதான் போட்டின்னு நீ வாய்ஸ்ல சொன்ன பிறகுதான் பிடிகிட்டிச்சு. நம்ம சக்கர ஸ்கேட்டிங்ல தோளோடு தோள் உரசிக் கூட்டமாட்டுல்லா போவீங்க. இங்கே 400 மீட்டர் வட்டத்துல ஆளுக்கொரு பாதை. ஒருத்தி கையில வெள்ளைப் பட்டை, இன்னொருத்தி கையில சிவப்பு. ஒவ்வொரு சுற்றுலயும் உள்ளே ஓடினவ வெளியே மாறணும், வெளியே ஓடினவ உள்ளே வரணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அங்க வந்துட்டா, வெளியே இருந்து வர்றவளுக்குத்தான் மற்றவ வழி விடணுமாம். அது கொள்ளாம். கூடுதல் தூரம் ஓடி வந்தவ அவதானே.

அந்த டக் டக் சத்தம் முதல்ல என்னமோ உடைஞ்சு போச்சுன்னு பயந்தேன். குதிகால் பிளேடை விட்டு எழும்பித் திரும்ப ஒட்டுற சத்தம், 1998 நகானோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு எல்லாருக்கும் அதுதான்னு சொன்னே. நம்ம ரப்பர் செருப்பு போட்டு ஓடினா வர்ற சத்தந்தான், வேற ஒண்ணுமில்லை.

காதை மூடிக்கிட்டு போனியா? வீடியோவுல உன் மூச்சு புகையா தெரியுது. உனக்கு சின்னதுலயே காதுதான் முதல்ல வலிக்கும். கடைசியில பக்கத்துல யாரோ சிரிக்கிறது கேட்குது. ஆம்பளைச் சத்தம். கூட்டம்னா நாலு பேர் சிரிக்கத்தான் செய்வாங்க, நான் அதுக்காகச் சொல்லல. பஸ்ஸில தனியாவா போனே?

மூணு ஞாயிறு ஆச்சு. நைட் டூட்டியா இருக்கும். தூங்கணும், வேண்டாம்னு சொல்லல. சாயாக்கடையில உன்னைப்பற்றி கேட்டா, ஜெர்மன் பி2 பரீட்சையை ஒரே தடவையில பாஸ் பண்ணினவன்னு சொல்லுவேன். நம்ம ஊர்ல ஜெர்மன் பேசுறவ எனக்க மவ மட்டும்தான்னும் ஒரு நாள் அடிச்சு விட்டேன். குலசேகரத்துலயே நாலு பேர் இருப்பாங்க. ஆனா அவ்வளவு ஜெர்மன் பேசுற வாய்க்கு அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை தமிழ் பேச முடியலையே. காதை மூடிக்கோ. சாக்ஸ் ரெண்டு போடு.

சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார், 2021ல கொலம்பியாவுல ஜூனியர் உலகப் போட்டியில வெள்ளி வாங்கினானே, அவன் 2025 செப்டம்பர்ல சீனாவுல 1000 மீட்டர்ல உலக சாம்பியன் ஆயிட்டான். 1 நிமிஷம் 24.924 விநாடி. சக்கரத்துலதான், உன்னை மாதிரி. பேப்பர்ல வந்ததை உனக்குன்னு வெட்டி வச்சேன். அனுப்பக் கை வரல.

2015ல ஸ்கேட்டிங் தேர்வுக்கு உன் பேர் வரலைன்னு சொன்னேன் இல்லையா. வந்துது மக்ளே. கவரை ஷீட் கணக்கு நோட்டுக்குள்ள வச்சேன். அண்ணனுக்க விசாவுக்குப் பணம் கட்ட வேண்டிய வாரம் அது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீ ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்தே. மூணாம் நாள் ஸ்கேட்டை சாக்குல கட்டிப் பரண்ல போட்டே. ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்.

பணம்னு சொன்னாலும் பாதிதான் சத்தியம். சிற்றார் ரோட்டுல டிவிஎஸ்50 லைட் வெளிச்சத்துல நீ முன்னால போவே, நான் பின்னால வருவேன். ஒரு நாள் இறக்கத்துல வெளிச்சத்தைத் தாண்டிப் போயிட்டே. நான் முறுக்கினேன், வண்டி இழுக்கல. இருட்டுல சக்கரச் சத்தம் மட்டும் கேட்டுது. பிறகு அதுவும் நின்னு போச்சு. வளைவு திரும்பிப் பார்த்தா கலுங்குல உட்கார்ந்து சிரிக்கிறே. அன்னைக்குப் பிடிச்ச வெப்ராளம். கவரைப் பிரிச்சப்போ எனக்கு அந்தச் சத்தம் நின்னதுதான் ஞாபகம் வந்துது.

போன தடவை லீவுக்கு வந்தப்போ பரண்ல என்னமோ தேடினே. கணக்கு நோட்டெல்லாம் அங்கேதான் கிடக்கு. என்ன தேடினேன்னு நான் கேட்கல, நீயும் சொல்லல. இந்த வீடியோவை அண்ணனுக்கு அனுப்பலையாம், கேட்டேன். எனக்கு மட்டும் அனுப்பியிருக்கே.

சாக்கை நேற்று இறக்கினேன். ஷூ எலி கடிக்காம இருக்கு. சக்கரம் இறுகிப் போச்சு, தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன். விடக்கூடாதுன்னா சொல்லு, துடைச்சிடுகேன்.

பார்சல்ல நேந்திரங்காய் சிப்ஸ் ரெண்டு கிலோ வச்சிருக்கேன். ஒரு ஆளுக்கு அது கூடுதல்தான், எனக்குத் தெரியும்.

காதை மூடிக்கிட்டு போ.

அப்பா