தெர்மோஸ்டாட் இல்லாத வேனுக்கு ‘நல்ல நிலை’ சான்று: பழைய கார்கோ வேன் குறித்த புகார்

அனுப்புநர்: வேன் வாங்கிய சகோதரர்கள் இருவர், ஈரோடு.

பெறுநர்: மேலாளர், பழைய வாகன விற்பனைப் பிரிவு, கோயம்புத்தூர்.

பொருள்: 2018 மாடல் டீசல் கார்கோ வேன். மறைத்து விற்ற பழுதுகளும் குறைத்துக் காட்டிய கிலோமீட்டரும்.

ஐயா,

உங்களிடம் ரூ. 3,85,000 கொடுத்து வாங்கிய வேனுக்கு 90 நாள் வாரண்டி தந்தீர்கள். 11ஆம் நாள் திம்பம் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. வண்டியைக் கட்டி இழுத்து வந்து ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். ‘டிரைவர் ஹீட்டைக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறார், மற்றதெல்லாம் தேய்மானம், வாரண்டியில் வராது’ என்று உங்கள் சர்வீஸ் பிரிவு பதில் அனுப்பியது. கழற்றிய பாகங்கள் வேறு கதை சொல்கின்றன. ஒவ்வொன்றாக எழுதுகிறோம்.

முதலில் இன்ஜின். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானபின் மட்டும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) இருக்கும் ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே வால்வும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. வெட்டி எடுத்துவிட்டு வெளி வளையத்தை மட்டும் வைத்து மூடியிருக்கிறார்கள். ஹீட் ஏறும் வண்டியை விற்பதற்கு முன் செய்கிற பழைய வேலை இது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே ஓடும். காலி வண்டியில் அரை மணி நேரம் டெஸ்ட் டிரைவ் போனால் ஹீட் மீட்டர் முள் பாதியைக்கூடத் தொடாது. பார்க்கிறவருக்கு இன்ஜின் ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு டன் சரக்கோடு மலை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். முள்ளைப் பார்த்து ஓட்டவில்லை என்று எங்களைக் குறை சொல்கிறீர்கள். முள் சரியாகக் காட்டாதபடி செய்திருந்ததே அந்த வண்டியில்தான்.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் ஓரத்தில் ஏறக்குறைய நான்கு அங்குலத்துக்கு எம்-சீல் பூசி, மேலே கறுப்பு ஸ்ப்ரே அடித்திருக்கிறது. உள்ளே கூலன்ட் சொட்டுக்கூட இல்லை, செங்காவி நிறத்தில் துருத் தண்ணீர். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த இரண்டே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது, மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டால் குமிழி குமிழியாக வருகிறது. தண்ணீர் சூடாவதற்கு முன்பே அழுத்தம் ஏறினால் அது சிலிண்டரிலிருந்து வரும் வாயு. சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்டில் நான்கு சிலிண்டருக்கும் முறையே 390, 290, 285, 385 பி.எஸ்.ஐ. வந்தது. 2, 3 இரண்டிலும் ஒரு கரண்டி ஆயில் ஊற்றிப் பார்த்தும் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் ஊற்றியதும் ஏறியிருக்கும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கியிருப்பதால் நடுவில் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே வாயுவும் தண்ணீரும் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். ஹெட்டை இறக்கியபோது அந்த இடம் எரிந்து, கரி நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தது. 11 நாளில் அவ்வளவு கரி பிடிக்காது.

செலவு: ஹெட் கேஸ்கட் 2,650, ஹெட் போல்ட் செட் 1,900 (இழுபட்ட போல்ட்டைத் திரும்பப் போட்டால் முறுக்கிய இறுக்கம் நிற்காது), லேத்தில் ஹெட் ஃபேசிங்கும் பிரஷர் டெஸ்டும் 2,200, தெர்மோஸ்டாட் 850, ரேடியேட்டர் 6,400, கூலன்ட் 1,500, ஆயிலும் ஃபில்டரும் 3,000, கூலி 7,500. மொத்தம் ரூ. 26,000.

அடுத்தது கமான் பட்டை. பின்பக்கம் இடது செட்டில் மேலிருந்து இரண்டாவது பட்டை சென்டர் போல்ட் அருகே இரண்டாக உடைந்திருக்கிறது. புதிதாக உடைந்த எஃகின் முகம் வெள்ளியாக மின்னும். இதில் உடைந்த முகம் முழுக்கத் துரு, அந்தத் துருவின் மேலேயே சேஸ்ஸுக்கு அடித்த அதே கறுப்பு பெயின்ட். உடைந்ததைப் பார்க்காமல் பெயின்ட் அடித்தார்களா, பார்த்துவிட்டு அடித்தார்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் பரிசோதனை அறிக்கையில் ‘அடிப்பகுதி, சஸ்பென்ஷன்: நல்ல நிலை’ என்று டிக் போட்டிருக்கிறது. வண்டியைப் பிட்டில் நிறுத்தியோ ராம்ப்பில் ஏற்றியோ டார்ச் அடித்திருந்தால் தப்பவே தப்பாது. பட்டை 1,700, யூ போல்ட்டுகளும் சென்டர் போல்ட்டும் 1,100, கூலி 1,200, ஆக ரூ. 4,000.

பிரேக் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுத்தது. இடது பின் டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ முழுக்க டிஃபரன்ஷியல் ஆயில். ஆக்ஸில் ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதர் (காற்றுப் போக்கி) மண்ணடைத்து மூடிக் கிடந்தது. ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும். பிரீதர் வழி போக முடியாமல் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் ஆயிலைக் கொண்டுவந்துவிடும். சீலை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே கதைதான், பிரீதரையும் சுத்தம் செய்ய வேண்டும். ஆக்ஸில் பேரிங் 1,450, ஆயில் சீல் 320, ஷூ செட் 1,300, கூலி 1,800, ஆக ரூ. 4,870.

கிளட்ச் செட்டுக்கும் ஜாயின்ட் கிராஸுக்கும் தனியாக ரூ. 11,850 ஆனது. அதை உங்களிடம் கேட்கவில்லை. பழைய வண்டி வாங்கினால் அதெல்லாம் வாங்குகிறவர் தலையில்தான். தேய்மானம் என்ற சொல்லை நாங்களும் ஏற்கிறோம், அது பொருந்துகிற இடத்தில்.

இனி கிலோமீட்டர். மீட்டரில் 78,400 காட்டித்தான் விலை பேசினீர்கள். டீசல் ஃபில்டரை மாற்றக் கழற்றியபோது, பாடியை ஒட்டித் திரும்பியிருந்த பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ‘131200’ என்று எழுதியிருந்தது. ஃபில்டர் போட்ட மெக்கானிக் யாரோ கணக்குக்காக எழுதி வைத்தது. கதவோரத்து ஆயில் ஸ்டிக்கரைக் கிழித்தவருக்கு (பசைத் தடம் இன்னும் இருக்கிறது) இது கண்ணில் படவில்லை போலும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, பழைய வாகனம் விற்கும் அங்கீகாரம் பெற்ற டீலர் தன்னிடம் உள்ள வண்டியின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோக்கம், ஓட்டுநர், நேரம், கிலோமீட்டர் ஆகியவற்றை மின்னணுப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். இந்த வேனுக்கான பதிவின் நகலையும் உங்கள் அங்கீகாரச் சான்றின் நகலையும் அனுப்புங்கள்.

நாங்கள் கேட்பது: பழுதுக்கான ரூ. 34,870, அதோடு 1,31,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியின் விலைக்கும் நாங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம். அதை உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் மதிப்பிடட்டும், அவருக்கான கட்டணத்தில் பாதியை நாங்கள் தருகிறோம். இதற்குச் சம்மதமில்லை என்றால் வேனை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் பழுதுச் செலவையும் திருப்பித் தாருங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். ‘வணிக உபயோகத்துக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னார். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கமாகாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)இன் விளக்கத்திலேயே இருக்கிறது. வேனை ஓட்டுவது நாங்கள் இருவரும்தான், சம்பளத்துக்கு டிரைவர் கிடையாது. நாங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கோயம்புத்தூருக்கு வர வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை ரூ. 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை.

வெட்டிய தெர்மோஸ்டாட் வளையம், எரிந்த கேஸ்கட், உடைந்த பட்டை, எண் எழுதிய ஃபில்டர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஒர்க்‌ஷாப்பிலேயே வைத்திருக்கிறோம். முன்கூட்டியே சொல்லிவிட்டு உங்கள் ஆள் நேரில் வந்து பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். கொண்டுபோக மட்டும் விட மாட்டோம்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர்கள்

இணைப்பு: விற்பனை ரசீது, உங்கள் பரிசோதனை அறிக்கை, வாரண்டி அட்டை, ஒர்க்‌ஷாப் மற்றும் லேத் பில்கள், பாகங்களின் படங்கள்.