படத்துக்கு 400 ரூபாயா, ஆளுக்கு 40 ரூபாயா?

தமிழகத்தில் மாரத்தான், அரை மாரத்தான், 10 கி.மீ. ஓட்டங்களை நடத்தும் ஓட்டக் குழுக்களுக்கும் சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும்,

வணக்கம். ஓட்டம் முடிந்த மறுநாளே, ஓடும்போது எடுத்து விற்கும் புகைப்படங்களின் விலை பற்றி உங்களுக்குப் புகார் வரும்: ‘ஒரு படத்துக்கு 400 ரூபாயா?’ நீங்கள் அதை அப்படியே கேமராக்காரர் பக்கம் தள்ளிவிடுகிறீர்கள். ஆனால் அந்த விலை நீங்கள் போடும் ஒப்பந்தத்திலேயே முடிவாகிவிடுகிறது.

3,000 பேர் ஓடும் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இடங்களில் ஏழு கேமராக்காரர்கள் வேண்டும். ஆளுக்கு 6,000 வீதம் 42,000 ரூபாய். படங்களைப் பிரித்து ஏற்ற இரண்டு பேருக்கு 6,000. வண்டி, சாப்பாடு 10,000. சர்வர், பிப் (ஓட்டக்காரர் நெஞ்சில் மாட்டும் எண் அட்டை) எண்ணையும் முகத்தையும் அடையாளம் காணும் மென்பொருள் 12,000. கேமரா, லென்ஸ் தேய்மானம் ஆளுக்கு 2,000 வீதம் 14,000. ஒரு ஆள் 5,000 கிளிக் அடித்தால் ஷட்டரின் ஆயுளில் அவ்வளவு குறையும். ஆக மொத்தம் 84,000 ரூபாய்.

இப்போது வழக்கமான ஒப்பந்தத்துக்கு வருவோம். ‘சம்பளம் கிடையாது, நீங்களே விற்றுக்கொள்ளுங்கள், எங்களுக்கு 25 சதவீதம்.’ பத்தில் ஒருவர் ஆளுக்கு ஒரு படம் வாங்கினால் 300 பேர். உங்கள் 25 சதவீதமும் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் 2 சதவீதமும் போக 84,000 தேற வேண்டுமானால், ஒவ்வொருவரிடமும் 384 ரூபாய் வாங்க வேண்டும். இதில் லாபம் ஒரு பைசா இல்லை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் 18 சதவீதம் கூடி 450 ரூபாய்க்கு மேல் போகும். வாட்டர்மார்க் போட்ட படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவோருக்கான நட்டம் இதில் சேரவில்லை.

அதே 84,000-ஐ 3,000 பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 28 ரூபாய். 20 சதவீத லாபமும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்தாலும் 40 ரூபாய்க்குள் முடிந்துவிடும். எங்கள் கோரிக்கை இதுதான்: படத்தின் விலையை நுழைவுக் கட்டணத்தில் சேருங்கள், கேமரா குழுவுக்கு முழுத் தொகையாகக் கொடுங்கள், ஓட்டக்காரர் தன் படங்கள் அனைத்தையும் வாட்டர்மார்க் இல்லாமல் இறக்கிக்கொள்ளட்டும்.

படம் வேண்டாதவர் ஏன் 40 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பீர்கள். பதக்கத்துக்கும் டி-ஷர்ட்டுக்கும் அந்தக் கேள்வி எழுவதில்லையே. ஆனால் 300 பேர் மட்டுமே ஓடும் சின்ன ஓட்டத்துக்கு இது ஒத்துவராது. குறைந்தது இரண்டு கேமராவாவது வேண்டியிருப்பதால், ஆளுக்கு 120 ரூபாயைத் தாண்டும். அங்கே பதிவுப் படிவத்திலேயே ‘படங்கள் வேண்டும்’ என்று ஒரு கட்டம் வைத்து முன்கூட்டியே விற்பதுதான் சரி.

காசு கொடுத்தும் படம் கிடைக்காத ஓட்டக்காரரின் கோபம் வேறு ரகம். அதற்கான காரணங்களில் பெரும்பாலானவை உங்கள் கையில் இருக்கின்றன. பிப்பில் விளம்பரதாரர் லோகோ பெரிதாகி எண் சுருங்கினால் மென்பொருள் படிக்காது. எண்ணுக்கு 6 செ.மீ. உயரமாவது கொடுங்கள். பளபளப்புத் தாளில் அச்சடித்தால் விடிகாலை ஃபிளாஷ் வெளிச்சத்தில் எண் வெள்ளையாகிவிடும். பிப்பை நான்கு ஊக்கு குத்தி நெஞ்சில் மாட்டச் சொல்லுங்கள். இடுப்பு பெல்ட்டில் மாட்டினால் பாதி தூரத்தில் பின்பக்கம் திரும்பியிருக்கும்.

முடிவு வளைவுக்கு நேர் கீழே கேமராவை நிறுத்தச் சொல்லாதீர்கள். அங்கே எல்லோரும் கைக்கடிகாரத்தை நிறுத்தக் குனிகிறார்கள், கிடைப்பது உச்சந்தலை. வளைவுக்கு 25 மீட்டர் முன்னால்தான் முகம் மலரும். அந்த இடத்தில் பாதையின் ஒரு பக்கத்தையாவது குடும்பத்தாரும் தன்னார்வலர்களும் மறைக்காதபடி கயிறு கட்டுங்கள். கடைசி 200 மீட்டர் கிழக்கு நோக்கி ஓடும்படி பாதையை அமைத்தால் வெயில் முகத்தில் விழும். மேற்கு நோக்கி அமைத்தால் எல்லா முகமும் கறுத்துப்போகும். 5 மணிக்குக் கொடியசைத்தால் முதல் ஒரு மணி நேரத்துக்கு வெளிச்சமே கிடையாது. ஓட்டத்தைக் கலங்காமல் உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/1000 நொடி வேண்டும், ஆனால் சில எல்.இ.டி. தெருவிளக்குகளின் கீழே அந்த வேகத்தில் படத்தில் பட்டை விழும். அதனால் முதல் கேமரா நிற்கும் இடத்தை விடிந்தபின் எல்லோரும் கடக்கும் கிலோமீட்டரில் வையுங்கள்.

ஓட்டக்காரரின் நேரத்தைப் பதியும் டைமிங் சிப் நிறுவனத்தின் கடிகாரத்தோடு ஏழு கேமராக்களின் நேரத்தையும் நொடி பிசகாமல் பொருத்த, முதல் நாள் மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிப் மறைந்திருந்தாலும், சிப்பைப் படிக்கும் தரைப் பாயைக் கடந்த நேரத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

மாலைக்குள் படம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 35,000 படங்கள், ஒன்று 10 எம்.பி. என்றால் 350 ஜி.பி. 50 எம்.பி.பி.எஸ். இணைப்பில் ஏற்ற 15 மணி நேரத்துக்கு மேலாகும். நீளப் பக்கம் 3,000 பிக்சலாகக் குறைத்தால் படம் ஏறக்குறைய 2 எம்.பி.; மூன்று மணி நேரத்தில் முடியும். இன்ஸ்டாகிராமுக்கும் சட்டம் போட்டு மாட்டவும் அது தாராளம். ஒப்பந்தத்தில் ‘ஒரிஜினல் ஃபைல்’ என்று எழுதி எல்லோருக்கும் ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

உரிமையைப் பற்றி ஒரு வரியாவது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே முழுத் தொகை கொடுக்கும்போது படம் உங்களுடையதாகிவிடும். ஓட்டக்காரர் அதைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், விளம்பரதாரர் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும் என்று எழுதிவிடுங்கள். சிறுவர் ஓட்டம் இருந்தால் செல்ஃபி போட்டு முகம் தேடும் வசதியை அந்தப் பிரிவுக்கு மூடிவையுங்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அவர்களின் படங்களைப் பிப் எண்ணும் பெற்றோரின் கைபேசி எண்ணும் கொடுத்தால் மட்டும் திறக்கும்படி வைக்கலாம்.

அடுத்த ஓட்டத்துக்குப் பதிவு திறக்கும் முன்பே வழித்தட வரைபடம், புறப்படும் நேரம், எதிர்பார்க்கும் ஆட்கள் எண்ணிக்கை மூன்றையும் கேமரா குழுக்களுக்கு அனுப்பி, ஆளுக்கு எவ்வளவு என்று விலை கேளுங்கள். கட்டணத்தை அறிவித்துவிட்டால் 40 ரூபாய் சேர்க்க முடியாது.

இப்படிக்கு,
ஓட்டப் பாதையோரம் கேமராவோடு நிற்பவர்கள்