ஆந்தைப் படம் எடுக்க எங்கள் குன்றுக்கு வருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒளிப்படக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். தை மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு இரண்டு வண்டிகளில் எங்கள் ஊருக்கு வந்துபோனீர்கள். எந்தக் குன்று, எந்தப் பாறை, எந்தப் பறவை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அவற்றை விவரிக்கப் போவதில்லை. ஊரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. நீங்கள் அதை உங்கள் படத்தின் கீழே எழுதிவிட்டீர்கள்; இந்த மடலை எழுத நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: கொம்பன் ஆந்தைகள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் அந்தப் பாறைக்கு வராதீர்கள்; மற்ற மாதங்களில் வந்தாலும் விளக்கும் ஒலிபெருக்கியும் இரையும் இல்லாமல் வாருங்கள்.

உங்கள் குழு வெளியிட்ட படத்தை நூற்றுக்கணக்கானோர் பாராட்டியிருக்கிறார்கள். நானும் அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். பதினோரு ஆண்டுகளாக அதே பறவையை அதே பாறையில் படம் எடுத்து வருபவன் என்பதால், பாராட்டியவர்களுக்குத் தெரியாத சிலவற்றை அந்தப் படம் எனக்குச் சொன்னது.

முதலில் அதன் கண்கள். செம்மஞ்சள் வட்டத்தின் நடுவே கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையின் கண்மணி அப்படி இருக்க வழியே இல்லை. அது கண்ணை நிறைத்து விரிந்திருக்கும். ஃபிளாஷ் மட்டும் அடித்திருந்தால்கூட, கண்மணி சுருங்குவதற்குள் அந்த ஒளி முடிந்துபோய், விரிந்த கண்மணியே பதிவாகியிருக்கும். ஆகவே படம் எடுப்பதற்கு முன்பே, அந்தப் பறவையின் முகத்தில் விளக்கொளி நிலையாகப் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை விளக்குகள் என்பதையும் படமே காட்டுகிறது: இரண்டு கண்களிலும் மும்மூன்று வெள்ளைப் புள்ளிகள். ஆந்தையின் கண் நம்முடையதைப் போல உருண்டையானது அன்று. குழாய் வடிவில் எலும்புக்குள் பொருந்தியிருப்பதால், ஒளி கூசினால் கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்ப அதனால் முடியாது. தலையைத்தான் திருப்ப வேண்டும். தலையை 270 பாகை வரை திருப்பவல்ல பறவை, மூன்று திசைகளிலிருந்தும் விளக்கு அடித்தால் எந்தப் பக்கம் திரும்பும்?

அடுத்து அதன் சிறகுகள். இரண்டு சிறகுகளையும் முன்னோக்கி வளைத்து, உடல் இறகுகளையெல்லாம் சிலிர்த்து, அலகைச் சற்றே திறந்து நிற்கும் அந்தத் தோற்றத்துக்கு நீங்கள் ‘கம்பீரம்’ என்று பெயரிட்டிருக்கிறீர்கள். ஓடிப்போக முடியாத நிலையில் தன்னைப் பெரிதாகக் காட்டி எதிரியை விலக்கப் பார்க்கும் ஆந்தை நிற்கும் நிலை அது. அப்போது அது அலகை ‘டக் டக்’ என்று சொடுக்கியிருக்கும்; அருகில் இருந்த உங்களுக்கு அது கேட்காமல் இருந்திருக்காது. பின்னால் குஞ்சுகள் இருந்ததால்தான் அது பறந்து போகவில்லை.

மூன்றாவதாக, அதன் காலடியில் கிடக்கும் எலி. எங்கள் பக்கத்தில் வெள்ளெலி என்று சொல்வது வேர்க்கடலைக் கொல்லையில் வளை தோண்டும் எலியை. அதற்கு வயிறுதான் வெளுப்பு, முதுகு மண்ணின் நிறம். உங்கள் படத்தில் இருப்பதோ உடல் முழுதும் வெண்மையும் கண்கள் சிவப்புமாக, கூண்டில் வளர்த்து விற்கப்படும் எலி. அது குன்றுக்குத் தானாக ஏறி வந்திருக்காது.

மறுநாள் விடியற்காலையில், மலையடியில் ஆடு மேய்க்கும் தெலுங்கு பேசும் தம்பி ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். ‘குட்லகூப’ என்று ஆந்தையை அழைக்கும் அவர்தான் மூன்று குஞ்சுகள் பொரித்திருப்பதை எனக்கு முதலில் சொன்னவர். அன்று அவர் சொன்னது, “ரெண்டே உன்னாயி அண்ணா.” இரண்டுதான் இருக்கின்றன. இருவரும் போய்ப் பார்த்தோம். கொம்பன் ஆந்தை சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாறைத் திட்டில், வெறும் மண்ணில் முட்டையிடும். அந்தத் திட்டு என் முழங்கை நீளத்துக்கு மேல் அகலமில்லை. அதன் விளிம்பில், மண்ணில், ஷூ தடம் ஒன்று பதிந்திருந்தது. அதற்குக் கீழே, இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழிருந்த பிளவில், மூன்றாவது குஞ்சு கிடந்தது. சாம்பல் தூவி இன்னும் முழுதாக உதிரவில்லை. சிறகில் குருத்து இறகுகள் அப்போதுதான் உறையை உடைத்துக்கொண்டிருந்தன. அந்த வயதில் அவற்றுக்கு நடக்கத் தெரியும், பறக்கத் தெரியாது. நான் கையில் எடுத்தபோது அது விறைத்திருந்தது. தலை மட்டும் துவண்டு என் மணிக்கட்டின் மேல் சாய்ந்தது.

அது விழுந்ததை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் கால் பட்டு விழுந்தது என்றோ, விளக்குக்கு மிரண்டு பின்வாங்கி விழுந்தது என்றோ உறுதியாகச் சொல்ல மாட்டேன். முந்தைய மாலையில் மூன்று குஞ்சுகளை நான் தொலைவிலிருந்து எண்ணிவிட்டு வந்தேன் என்பதையும், இடைப்பட்ட இரவில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதையும் மட்டுமே சொல்கிறேன். அன்றிரவும் அதற்கடுத்த இரவும் நான் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து பார்த்தபோது, தாய்ப்பறவை திட்டுக்கு வரவில்லை. மூன்றாம் இரவுதான் வந்தது.

வெளிச்சம் இல்லாத நேரத்தில் ஆந்தையைப் படம் எடுக்க விளக்கு இல்லாமல் முடியாது என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்த பதிலைப் படித்தேன். அதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பதினோரு ஆண்டுகளாக நான் செய்துவருவது அதுதான். நீங்கள் வந்த தை மாதக் கடைசியில் எங்கள் ஊரில் ஆறேகால் மணி அளவில் கதிரவன் மறைகிறது. நம் நிலப்பகுதியில் அந்தி நீளாது. மறைந்த பின் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பயன்படும் வெளிச்சம் இருக்கும். நல்ல வேளையாக, கொம்பன் ஆந்தை அந்த நேரத்தில்தான் பகல் தங்கிய இடத்தை விட்டு வந்து, வானத்தை எதிர்த்து நிற்கும் பாறை உச்சியில் அமர்ந்து, ‘பு… பூஊ’ என்று அழைக்கத் தொடங்கும். அழைப்பதற்கு முன் சில நொடிகள் கல்லைப்போல் அசையாமல் இருக்கும். அந்தச் சில நொடிகள் போதும். ஐந்து மணிக்கே போய், அறுபது எழுபது மீட்டர் தள்ளி, முக்காலியைத் தாழ்த்தி வைத்து உட்கார்ந்துவிடுகிறேன். ஓசையில்லாத ஷட்டர், லென்ஸின் முழுத் திறப்பு, ஒளி உணர்திறன் (ஐஎஸ்ஓ) 6400, தேவைப்பட்டால் 12800, ஷட்டர் வேகம் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. இருட்டில் குவியம் தேட கேமராவே எரியவிடும் சிறு விளக்கையும் மறக்காமல் அணைத்துவிடுவேன். முப்பது படம் எடுத்தால் இரண்டு மூன்று கூர்மையாக வரும். படத்தில் மணிமணியாகப் புள்ளிகள் (நாய்ஸ்) இருக்கும். இன்றைய மென்பொருள்கள் அதைப் பெரும்பாலும் களைந்துவிடுகின்றன. களையாத மிச்சத்தை நான் குறையாக எண்ணுவதில்லை, அது அந்த நேரத்தின் நிறம். ஒவ்வொரு இறகும் பளிச்சென்று தெரியும் நடுநிசிப் படம் எனக்குக் கிடைக்காது. அதை இழப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஃபிளாஷ் ஒளி ஆந்தையின் கண்ணுக்கு நிலையான கேடு செய்யுமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. என் கவலை அந்தப் பொழுதைப் பற்றியது. இருட்டியதும் வரும் முதல் இரண்டு மணி நேரத்தில்தான் பசித்த குஞ்சுகளுக்கு இரை வருவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஸ்பீக்கரில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டதை அடிவாரத்தில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தக் குரல் ஆந்தையின் காதில் தன் எல்லைக்குள் நுழைந்த இன்னொரு ஆந்தையின் குரல். அது வேட்டையை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி வந்தது; வந்த இடத்தில் மூன்று விளக்குகள் இருந்தன.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆந்தை அலறினால் சாவு விழும் என்று நம்பும் ஊர் எங்களுடையது. கல்லெறிந்து விரட்டுவதைத் தவறு என்று யாரும் நினைத்ததில்லை. ஒவ்வொரு ஆண்டும் பாறையடியில் ஆந்தை உமிழ்ந்த உருண்டைகளைப் பொறுக்கி வந்து, நீரில் ஊறவைத்துப் பிரித்து, உள்ளிருக்கும் எலி மண்டையோடுகளைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் வேர்க்கடலை போடும் பெரியவர்களிடமும் காட்டிக் காட்டித்தான் அந்தக் கல்லெறிதலை நிறுத்த முடிந்தது. அதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆயின. நீங்களோ, உங்களுக்கு வழிகாட்டிய பையனுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து, பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக அவன் கையாலேயே கல்லெறியச் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது அவனுடைய கூட்டாளிகள் நால்வர் அடுத்த வண்டி எப்போது வரும் என்று கேட்கிறார்கள். கல்லெறிந்து விரட்டாதே என்று அவர்களிடம் இனி நான் எந்த முகத்தோடு சொல்வது?

ஊர்ப் பெயரை வெளியிட்டதன் ஆபத்து உங்களுக்குத் தெரியாதது அல்ல. 2010இல், காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டின் 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் சட்டவிரோத வணிகத்தில் பிடிபடுகின்றன என்று சொன்னது. தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்கென்று ஆந்தைகளைத் தேடுவோர், கொம்பு போன்ற காதிறகு உள்ள பெரிய ஆந்தைகளையே அதிகம் விரும்புகிறார்கள். பறவை பார்ப்போர் பதிவிடும் ஈபேர்ட் தளமே இப்படிப்பட்ட ஆபத்துள்ள இனங்கள் இருக்கும் துல்லியமான இடத்தை மறைத்துக் காட்டும்போது, நீங்கள் ஊரையும் அணுகுசாலையையும் சேர்த்து எழுதியது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றிரவு உங்களைத் தடுத்துக் கேட்ட என் அண்டை வீட்டுக்காரரிடம், “இந்தச் சரிவு ஆந்திரா, இங்கே கேட்க உங்களுக்கு உரிமையில்லை, இது சரணாலயமும் இல்லை” என்று உங்களில் ஒருவர் சொன்னதாக அறிந்தேன். சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும் என்பதும், மாநில எல்லையில் உள்ள எங்கள் குன்று ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்துக்கு வெளியே இருப்பதும் உண்மைதான். ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாடு, ஆந்திரா ஆகிய இரு மாநிலங்களுக்கும் பொது. அதில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் பொருளில் துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை. விலங்கை விரட்டுவதும், இரை வைத்து வரவழைப்பதும், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதற்குள் அடங்கும். நான் உங்கள்மீது புகார் எழுதவில்லை. உங்களில் சிலர் நெடுங்காலமாகப் பறவைகளை நேசிப்பவர்கள் என்று அறிந்திருப்பதால் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பாறைக்கு வராதீர்கள். படத்தின் கீழே உள்ள ஊர்ப் பெயரையும் பாதைக் குறிப்பையும் தயவுசெய்து இன்றே நீக்குங்கள். பங்குனியில் மறுமுறை வருவதாக உங்கள் குழுவில் பெயர் சேர்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்; அந்தப் பயணத்தைக் கைவிடுங்கள். மிஞ்சிய இரண்டு குஞ்சுகளும் நேற்று மாலை திட்டை விட்டு இறங்கி, பக்கத்துப் பாறைகளுக்கிடையே நடந்து திரிந்தன. இன்னும் பல மாதங்களுக்கு அவை தாய் தந்தையின் இரையை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஆடி மாதத்தில், விளக்கில்லாமல், இரண்டு மூன்று பேராக வருவதாக இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். நான் உட்காரும் பாறையில் இடம் இருக்கிறது. ஐந்து மணிக்குள் ஏறிவிட வேண்டும்.

இப்படிக்கு,
குன்றின் கீழ்ப்புறத்துக் கொல்லைக்காரன்