"இரண்டே படிதான் அம்மா": மதுரை வழிகாட்டிகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதுரையில் சுற்றுலா வண்டி வைத்திருக்கும், ஓட்டும், வழிகாட்டியாகப் பிழைக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இருபத்திரண்டு வருடமாக உங்களில் ஒருவனாக இருக்கிறேன். கீழக்கோபுர வாசலில் வெயிலில் நின்று வண்டிக்குக் காத்திருக்கும்போது நாம் பேசிக்கொள்ளாத விஷயம் இல்லை. ஆனால் உடல் தளர்ந்த பயணிகளை எப்படிக் கூட்டிப்போவது என்ற இந்த ஒரு விஷயத்தை நாம் பேசியதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாசியில் தூத்துக்குடிக்கு ஒரு பயணிகள் கப்பல் வந்தது. அதிலிருந்து ஒரு பகல் மட்டும் மதுரை பார்க்க விரும்பிய நால்வரை அழைத்து வரும் வேலை எனக்குக் கிடைத்தது. நால்வரில் ஒருவர் எழுபத்து நான்கு வயது அம்மா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் இடப்பக்கம் தளர்ந்துவிட்டது. ஊன்றுகோல் பிடித்துப் பத்து இருபது அடி நடப்பார். அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். தன் தாயார் சொல்லிச் சொல்லிக் கேட்ட மீனாட்சியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றே அந்தக் கப்பலில் டிக்கெட் எடுத்ததாகத் துறைமுக வாசலில் என்னிடம் சொன்னார்.

எனக்கு முன்கூட்டி வந்த தகவலில் இருந்தது இவ்வளவுதான்: 'பெரியவர் ஒருவர், மெதுவாக நடப்பார்.' நானும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல வேன் சொல்லிவிட்டேன்.

அந்த வேனின் முதல் படி தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரம். ஏறுகிறவர் பிடித்துக்கொள்ளும் கம்பி இடப்பக்கம் இருந்தது. அவருக்கு வேலை செய்யும் கை வலக்கை. படியை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் "இரண்டே படிதான் அம்மா" என்றேன். ஓட்டுநரும் நானும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே உட்கார வைத்துவிட்டோம். உதவி செய்துவிட்ட திருப்தி எங்களுக்கு. வெகுதூரம் அவர் பேசவே இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "தம்பி, தூக்குவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டே நழுவிவிடக்கூடும் என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் பிறகு சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

எட்டயபுரம் தாண்டித் தேநீருக்கு நிறுத்தினோம். மற்றவர்கள் இறங்கினார்கள். அந்த அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். வாங்கினார், உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடியைத் திருகித் திரும்பக் கொடுத்துவிட்டார். "வெயில் ஏறுகிறது, குடியுங்கள் அம்மா" என்றேன். "குடித்தால் போக வேண்டி வருமே, தம்பி. எங்கே போவது?" என்றார். நான் போய்க் கழிப்பறையைப் பார்த்தேன். மூன்று படி. இரண்டடிக் கதவு. உள்ளே குந்தி உட்காரும் பீங்கான். பிடித்துக்கொள்ள ஒரு குழாய்கூட இல்லை. காலை எட்டேகாலுக்குக் கப்பலைவிட்டு இறங்கியவர் மாலை மறுபடி ஏறும்வரை அந்த மாசி வெயிலில் அரை பாட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த மூடியை அவர் திருகிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மதுரைக்குள் நுழையும்போது மணி பதினொன்று. நான் வழக்கமான வரிசைப்படி முதலில் நாயக்கர் மகாலுக்கு விட்டேன். முற்றத்திலிருந்து தூண்கள் நிற்கும் மண்டபத்துக்கு ஏறப் படிகள் உண்டு என்பது நமக்கெல்லாம் தெரியும். அவருக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. மற்ற மூவரும் உள்ளே போய் வரும்வரை முக்கால் மணி நேரம் அவர் வேனில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து கோயில் பக்கம் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. கைப்பேசி ஒப்படைத்து, காலணி விட்டு, பாதுகாப்புச் சோதனை முடித்து, அவரை உள்ளே கொண்டுபோகக் கால் மணி நேரம் போதாது. பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். நான்கு மணிக்கு நாங்கள் தூத்துக்குடியை நெருங்கிக்கொண்டிருக்க வேண்டும். மீனாட்சிக்காக வந்தவர் கீழச் சித்திரை வீதியில் நாற்காலியில் உட்கார்ந்து கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். யார்மீதும் குறை சொல்ல எனக்கு இடமில்லை. வரிசையை மாற்றியிருந்தால் போதும். தவறு முழுக்க என்னுடையது.

அந்த வீதியில் நின்றபடி, பேச்சை எப்படியாவது இழுக்க வேண்டுமே என்று, கோயிலுக்குள் நடராசர் ஆடும் வெள்ளியம்பலத்தின் கதையைச் சொன்னேன். நாம் எல்லோரும் சொல்கிற கதைதான். எல்லா ஊரிலும் இடக்காலைத் தூக்கி ஆடும் கூத்தன் மதுரையில் மட்டும் வலக்காலைத் தூக்கி ஆடுகிறான். ஒரே காலில் நின்றால் வலிக்குமே, மாற்றி ஆடு என்று ராசசேகர பாண்டியன் கெஞ்சியதால். அந்த அம்மா கேட்டுவிட்டு, "அந்தப் பாண்டியன் தானும் ஆடப் பழகினவன் அல்லவா? தன் கால் வலித்ததால்தானே அவனுக்குத் தெரிந்தது?" என்றார். எத்தனை ஆயிரம் பேருக்கு நான் சொன்ன கதை! அதற்குள் இப்படி ஒன்று இருப்பதை நான் கவனித்ததே இல்லை.

பிறகு ஒருநாள் தெரிந்தவரிடம் சக்கர நாற்காலி இரவல் வாங்கி, அதில் நான் உட்கார்ந்து, அக்காள் மகனைத் தள்ளச் சொல்லி நான்கு சித்திரை வீதிகளையும் சுற்றினேன். வண்டிகள் நுழையாத வீதி, நல்ல அகலம். ஆனாலும் பாவிய கல்லின் இடுக்குகளில் முன்சக்கரம் தடக் தடக் என்று இடித்தபோது முதுகுத் தண்டு வரை தெரிந்தது. பின்பக்கமாகச் சாய்த்து முன்சக்கரத்தை லேசாகத் தூக்கித் தள்ளினால் அந்த அதிர்ச்சி குறைகிறது. அதைவிடப் பெரிதாக ஒன்று தெரிந்தது. இளநீர்க் கடைக்காரர் என்னை விட்டுவிட்டுப் பையனிடம் கேட்டார்: "ஐயாவுக்கு வேண்டுமா?" என் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பளவு உயரத்துக்கு நான் இறங்கிவிட்டேன், அவ்வளவுதான். அந்த அம்மாவிடம் அன்று நானும் இதைத்தான் செய்தேன். அவருக்கு என்ன வேண்டும் என்று கூட வந்த தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் நான் கேட்பது, முதலாவதாக, பயணத்தை உறுதி செய்யும் முன்பே, நேராக அவரிடமே கேளுங்கள். "நடப்பீர்களா?" என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. எத்தனை படி ஏற முடியும், கைப்பிடி இருந்தால் எத்தனை, இல்லாவிட்டால் எத்தனை? எவ்வளவு நேரம் நிற்க முடியும்? எந்தப் பக்கம் பலம்? நாற்காலியிலிருந்து வண்டி இருக்கைக்குத் தானாக மாறுவாரா, கை கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் எங்கே பிடிக்க வேண்டும்? நாற்காலி மடங்குமா, அகலம் என்ன, எடை என்ன? கையால் தள்ளும் மடக்கு நாற்காலி டிக்கியில் போய்விடும். பேட்டரி நாற்காலியை இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாமல் போகலாம். இதைத் துறைமுக வாசலில் கண்டுபிடித்து என்ன பயன்?

வண்டியைப் பொறுத்தவரை 'வயதானவர்களுக்கு வேன் வசதி' என்பது நம் பழைய எண்ணம். பலருக்கு இன்னோவா கார் வேனைவிட எளிது. முழங்கால் மடக்க முடியாதவருக்குத் தாழ்ந்த கார் கஷ்டம். குள்ளமானவருக்கு இன்னோவாவும் உயரம். அதற்கு ஆறங்குல உயரத்தில் அகலமான, ஆடாத ஒரு பலகைப் படி போதும். தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டேன், இப்போது டிக்கியிலேயே கிடக்கிறது.

அடுத்து, நேரக் கணக்கு. கப்பல் பயணிக்குக் கடைசியாக ஏற வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். நம்மோடு தனியாக வந்தவருக்காகக் கப்பல் நிற்காது. விட்டுவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு அவரே தன் செலவில் போய்ச் சேர வேண்டும். மருந்து, மாற்று உடை எல்லாம் கப்பல் அறையில் இருக்கும். அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே சேர்த்துவிட வேண்டும். நான்கு வழிச்சாலையில் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி, நடுவே நிறுத்தங்கள். கழித்துப் பார்த்தால் மதுரைக்கு மிஞ்சுவது இரண்டே முக்கால் மணி நேரம், அதாவது 165 நிமிடம். உடல் தளர்ந்தவர் ஒருவர் வண்டியிலிருந்து அவசரமில்லாமல் இறங்கப் பத்து நிமிடம், ஏறப் பத்து நிமிடம். நான்கு இடம் காட்டினால் ஏறி இறங்குவதிலேயே 80 நிமிடம் போய்விடும். நான்கு இடம் என்று பட்டியலைப் பெரிதாக்கி விற்காதீர்கள். எதைப் பார்க்க வந்தார் என்று கேட்டு, அதை முதலில் வையுங்கள். நேரம் மிஞ்சினால் இன்னொன்று.

கழிப்பறையை நாம் கேட்கக் கூச்சப்படுகிறோம், அவர்கள் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். நடுவில் ஒருவர் நாள் முழுக்கத் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். சாதாரண சக்கர நாற்காலியின் மொத்த அகலமே இருபத்தைந்து, இருபத்தாறு அங்குலம். நம் ஊர்க் கழிப்பறைக் கதவுகள் பல இருபத்து நான்குதான். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள உணவகங்கள், பெட்ரோல் நிலையங்களில் எங்கே படியில்லை, எங்கே மேற்கத்தியக் கழிப்பறை, கதவு எவ்வளவு, கைப்பிடி உண்டா என்று நாம் பத்துப் பேர் ஒரே வாரத்தில் அளந்துவிட முடியும். காலையில் வண்டியில் ஏறியதும், "இத்தனை மணிக்கு இங்கே நிறுத்துவோம், அங்கே வசதி இப்படி இருக்கிறது" என்று நாமாகவே சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்.

கோயிலில் செருப்பைக் கழற்றுவது நமக்கு ஒரு நொடி. காலைத் தாங்கும் காலிபர் சட்டம் போட்டிருப்பவருக்கு அந்தச் செருப்பு காலோடு சேர்ந்த உறுப்பு மாதிரி. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குக் கல் சுடுவதே தெரியாது. கொப்புளம் கப்பலுக்குத் திரும்பிய பிறகுதான் தெரியும். காலுறையோடு வரலாமா, அவருடைய நாற்காலி எதுவரை வரலாம், எந்த வாசலில் நிலைப்படி தாழ்வு என்பதை முந்தின நாளே கோயில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இந்து அல்லாதவர்களுக்குக் கருவறைப் பக்கம் அனுமதி இல்லை என்பதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிலர் மரப்பலகையைப் படிமேல் சாய்த்து "சாய்தளம் தயார்" என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் பாதுகாப்பான கணக்கு. நான்கடிப் பலகையில் நாற்காலியை ஏற்றுவது ஆளைக் கவிழ்க்கும் வேலை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் எல்லோரும் புழங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக விடக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. கட்ட வேண்டியவர்கள் கட்டட்டும். அதை வலியுறுத்தி மனுவும் கொடுப்போம். ஆனால் இருக்கும் படியை எண்ணிச் சொல்ல எந்த உத்தரவும் நமக்குத் தேவையில்லை.

மதுரையில் காட்டுவதற்கும் குறைவில்லை. சித்திரை வீதிகளில் நாற்காலியோடு சுற்றினால் நான்கு பெரிய கோபுரங்களையும் வெளியிலிருந்தே பார்க்கலாம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தை வண்டியை விட்டு இறங்காமலேயே கண் நிறையப் பார்க்கலாம். கரையோரம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டால் நீர்க்காற்று உள்ளே வரும். 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே முற்றங்கள், நடைகள், வாசல்கள் எப்படி என்று யாராவது அளவு நாடாவோடு போய் வந்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம்: படி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், கைப்பிடி எந்தப் பக்கம், உட்கார இடம், நிழல், கழிப்பறைக் கதவு, வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை அடி. இதுவரை ஒன்பது பக்கம் நிரம்பியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு அதன் படங்களை அனுப்பினேன். "அடுத்த தையில் வருகிறேன், இந்த முறை ஒரே இடம் போதும்" என்று பதில் எழுதியிருக்கிறார்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தெப்பக்குளத்தின் மேலக்கரையில் இருப்பேன். நோட்டும் சக்கர நாற்காலியும் கொண்டுவருகிறேன். வருகிறவர்கள் ஆளுக்கொரு அளவு நாடா எடுத்துவாருங்கள். வெயில் ஏறுவதற்குள் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
மதுரை