1989-இல் நீ எழுதிய கடிதம்

அன்புள்ள கோமு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நாளைத் தள்ளிவிட்டேன்.

முதலில் செய்தி. எனக்கு இரண்டு காதுக்கும் கருவி வைத்தாயிற்று. மகள் இரண்டு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பரிசோதனைக்கு ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். கதவைச் சாத்தியதும் என் மூச்சு எனக்கே கேட்டது. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான்; ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். தாழ்ந்த ஒலிகள் சுலபமாக இருந்தன. அப்புறம் ஒலி கூர்மையாக ஆக ஆக, நிஜமாகவே கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கருவியில் எதையோ திருப்புவது தெரிந்தது. அப்படியானால் ஒலி வந்திருக்கிறது. பொத்தான்மேல் வைத்த கட்டைவிரல் சும்மா காத்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என் காதின் வரைபடத்தைக் காட்டினார். தாழ்ந்த ஒலிகள் இருக்கும் இடப்பக்கம் கோடு நேராக வந்து, உயர்ந்த ஒலிகள் இருக்கும் வலப்பக்கம் சரிந்து இறங்குகிறது. 4,000 ஹெர்ட்ஸ் என்கிற உயர்ந்த ஒலி எனக்கு 55 டெசிபல் சத்தம் இருந்தால்தான் கேட்கிறது. 20-க்குள் கேட்டால் நல்ல காது. வயதாகும்போது உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். 'ஆ', 'ஓ' போன்றவை தாழ்ந்த ஒலிகள் என்பதால் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். 'ஸ', 'ஃப' போன்றவை உயரத்தில் இருப்பதால் சொல் மட்டும் நழுவிவிடும். நழுவிய இடத்தை மூளை தானாகவே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் கேட்காமல் போவது ஆளுக்கே தெரிவதில்லை. இந்தக் கடைசி விஷயம் வீடு வந்து சேரும்வரை மனதை விட்டுப் போகவில்லை.

கருவி போட்ட முதல் வாரம் ஒரே இரைச்சல். தாளைப் புரட்டினாலும் குழாயைத் திறந்தாலும் காதுக்குள்ளேயே நடப்பது போல இருந்தது. மூளை பழகச் சில வாரங்கள் ஆகும், கழற்றி வைத்துவிடாதீர்கள் என்றார் அந்தப் பெண். இன்னொன்றும் சொன்னார்: எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுங்கள், ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள்.

செய்து பார்த்தேன். ஒரு நாள் சாயங்காலம் மகள் தன் வேலையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். நாலு சொல் பேசியிருப்பாள், என் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கிறது, ஆனாலும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவள் போய் முடித்த இடம் நான் நினைத்த இடமே இல்லை. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாக இன்னொரு விஷயத்தைச் சொன்னாள், எட்டு மாதமாக மனதுக்குள்ளேயே வைத்திருந்ததை. அது அவளுடையது, இங்கே எழுத மாட்டேன். என் காது மந்தமானது நாலைந்து வருடமாகத்தான் இருக்கும். அவள் என்னிடம் பேச்சைச் சுருக்கிக்கொண்டது சின்ன வயதிலேயே. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பழைய கடிதக் கட்டை எடுத்தேன். உன்னுடைய கடிதங்கள் மட்டும் 43 இருந்தன. 1989-இல் நீ எழுதியது ஒன்று, நீல இன்லண்ட் தாள், மடிப்பில் கிழிந்திருக்கிறது. நீ வேலையை விடப்போவதாகச் சொல்லி என் வீட்டுக்கு வந்துபோன பிறகு எழுதியது. அந்த நாளை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? நீ கலங்கிப்போய் வந்ததாகவும், நான் பேசிப்பேசி உன்னைத் தேற்றி அனுப்பியதாகவும். கடிதத்தில் நீ எழுதியிருப்பது இது: 'இரண்டு மணி நேரம் இருந்தேன். பேசியது முழுக்க நீதான். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். பரவாயில்லை.'

இதை அப்போதே படித்திருப்பேன். படித்தும் என் மனதில் பதிந்தது என்னுடைய கதைதான். கடைசிச் சொல்லை அன்று நான் நிஜமென்றே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது படிக்கையில் அந்தப் 'பரவாயில்லை'தான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது.

அதன் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். ராபர்ட் பட்லர் என்று ஓர் அமெரிக்க மனநல மருத்துவர். வயதானவர்கள் பழசையே பேசிக்கொண்டிருப்பதை மூளை தளர்வதன் அடையாளமாக மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1963-இல், அது வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் இயல்பான வேலை என்று எழுதினார். முடிக்காமல் விட்டவை மேலே வருவதற்கும், அவற்றைச் சரிசெய்துகொள்வதற்கும் அது ஒரு வழி என்றார். சிலருக்கு அதனால் குற்ற உணர்வும் மனச்சோர்வும் வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனக்கும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தாரே, அதைக் கல்லூரியில் நாம் சேர்ந்துதான் படித்தோம். 1950-இல் அதை வெளியிட்டபோது அவருக்கு 48 வயதுதான். பிற்பாடு, 90 வயதைத் தாண்டிய அவர் மனைவி ஜோன், எட்டோடு முடியவில்லை என்று ஒன்பதாவதாக ஒரு கட்டத்தைச் சேர்த்தார். முதுமைக்குள் வந்து பார்த்தபோதுதான், வெளியிலிருந்து போட்ட கணக்கு போதவில்லை என்று தெரிந்திருக்கிறது. இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, கோமு. 68 வயதில் என்னத்தை மாற்றிக்கொள்வது என்று முன்பெல்லாம் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நாலு சொல்லுக்கு அப்புறம் இன்னும் நாலு சொல் பொறுக்க என்னால் முடிகிறது. எல்லா நாளும் இல்லை. நேற்றுகூடப் பேத்தியின் பேச்சில் குறுக்கே போய்விட்டேன். ஆனால் போனது உடனே தெரிந்தது. 'நீ சொல்லு' என்றேன், அவளும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். 'அதெல்லாம் பழைய கதை, விடு' என்று நீ சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். கருவிக்குப் புது பேட்டரி போட்டு வைத்திருப்பேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய், கோமு?

உன்
லலி