கூப்பன் விற்றவர்கள் கும்பலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் மாவட்டப் பக்கத்தில், கடலோரக் கிராமங்களில் கூப்பன் என்ற பெயரில் 'லாட்டரி கும்பல்' நடமாடுவதாக எழுதியிருந்தீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்தில் எங்கள் ஊர் டியூஷன் கொட்டகைக்குக் கூரை போட இருபது ரூபாய் கூப்பன் விற்றவர்களில் நானும் ஒருத்தி. கும்பலில் எனக்கும் இடம் கொடுத்ததற்கு நன்றி.

கும்பல் யாரென்றும் சொல்லிவிடுகிறேன். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர். வத்தை என்கிற சின்னப் படகுகள் கரையேறி, மீன் ஏலம் முடிகிற நேரம் பார்த்துப் போய் நிற்போம். கையில் காசு புழங்குவது அப்போதுதான். வாங்குகிறவர் கை ஈரமாக இருக்கும் என்பதால் அடிக்கட்டையில் பெயரையும் தெருவையும் நாங்களே எழுதிக்கொள்வோம். நன்கொடை என்று கேட்டால் இல்லாதவர் கூசிப்போவார். கூப்பன் என்றால் இருபது ரூபாயோடு தலைநிமிர்ந்து போவார். குலுக்கலன்று அடிக்கட்டைகளைச் சுருட்டி, ஊர் பார்க்க ஐஸ்பெட்டியில் கொட்டி, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னோம். முதல் பரிசு வெள்ளாட்டுக் கிடா. விழுந்தது யாருக்கு? வட்டிக்கு விடுகிறவருக்கு! ஊரே முணுமுணுத்தது; ஏமாற்று என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. வரவு செலவு எழுதிய அட்டை கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. உங்கள் நிருபர் வந்திருந்தால் பார்த்திருப்பார். இலங்கைக் கடற்படை யாரையாவது பிடித்துப் போனால்தானே அவருக்கு எங்கள் ஊருக்கு வழி தெரியும்? அப்போதும் ஊர்ப் பெயரைத் தப்பாகத்தான் போடுவீர்கள்.

1968-ல் 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று அரசே பரிசுச்சீட்டு விற்றது தங்களுக்குத் தெரியாததல்ல. குடும்பங்கள் சீரழிந்த பிறகு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். நல்ல காரியம்; என் பெரியப்பா வீட்டு நகைகளும் அந்தச் சீட்டில்தான் போயின. அரசு அனுமதி இல்லாத லாட்டரிக்கு அலுவலகம் வைத்தால் ஆறு மாதம் வரை சிறை என்பதும் தெரியும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 294ஏ பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆவது பிரிவு. அதனால்தான் அனுமதி கேட்டு அலைந்தோம். ஒரு ஆபீசில் கேட்டால் இன்னொரு ஆபீசுக்குக் கை காட்டுகிறார்கள்.

அது கிடக்கட்டும். எங்களைக் கும்பல் என்ற அதே நாள், அதே பேப்பரின் கடைசிப் பக்கம் முழுக்க ஒரு நகைக்கடை விளம்பரம்: சவரனுக்கு ஒரு கூப்பன், குலுக்கலில் கார். அதைப் பற்றிச் செய்தி ஏதும் கண்ணில் படவில்லை. நாங்களும் முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

'கும்பல்' என்றதற்கு ஒரு வரி வருத்தம் போட்டால் போதும். கூடவே, ஊர்ப் பொதுக்காரியத்துக்குக் குலுக்கல் நடத்த அனுமதி உண்டா, உண்டென்றால் மனுவை யார் பெயருக்குப் போடுவது என்று உங்கள் சட்டக் கேள்வி-பதில் பகுதியில் கேட்டு வெளியிடுங்கள். கொட்டகைக்கு இரண்டு மின்விசிறி வாங்க வேண்டும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகளைக் கரையில் கட்டிவிட்டால் இங்கே இருபது ரூபாயும் பெரிய காசு. அதற்குள் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மண்டபம் பகுதி வாசகி
(பெயர் வேண்டாம்)