ஆறுதல் என்ற பெயரில் அத்வைதத்தைப் பிறர்மேல் சுமத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், மூதூர் ஆகிய பகுதிகளிலும் இளையோர் பலர் அண்மைக் காலமாக அத்வைதம் (உயிரும் பரம்பொருளும் இரண்டல்ல என்ற போதனை), ஆன்ம விசாரம், விழிப்பு என்பன பற்றி ஆர்வத்தோடு பேசிக்கொள்கிறார்கள். வழக்கத்தின் பொருட்டு மட்டும் கோயிலுக்குப் போய்வந்த பெற்றோரின் பிள்ளைகள் 'நான் யார்' என்று கேட்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதைக் குறைகூற இக்கடிதத்தை எழுதவில்லை. ஆயினும் அந்தப் போதனை கைத்தொலைபேசிக் காணொளிகள் வழியாக அவர்களை வந்தடையும் விதமும், அவர்கள் அதைத் துயருற்ற பிறரிடம் எடுத்துச்செல்லும் விதமும் எனக்குப் பெருங்கவலை தருகின்றன.

இக்காணொளிகளிற் பல முடிவிலிருந்தே தொடங்குகின்றன. 'நீ ஏற்கெனவே அதுவாக இருக்கிறாய், செய்வதற்கு எதுவும் இல்லை, செய்பவனும் இல்லை' என்பது அவற்றின் சாரம். 'நீயே அது' என்பது உபநிடத வாக்கியம்தான். ஆனால் சங்கரர் வழிவந்த மரபில், அதைக் கேட்பதற்கு முன்பு நிலையானதையும் நிலையற்றதையும் பகுத்தறிதல், பற்றின்மை, மன அடக்கம் முதலிய ஆறு குணங்கள், விடுதலை வேட்கை என்னும் நான்கு தகுதிகள் வேண்டும் என்றும், கேட்ட பின்பு சிந்தித்தலும் அதிலே நிலைத்து நிற்றலும் தொடர வேண்டும் என்றும் வகுத்திருக்கிறார்கள். நமது சைவ சித்தாந்தமோ சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படி காட்டுகிறது. உயிரும் இறைவனும் ஒன்றாய் நிற்கும் விதம் பற்றி இரு மரபினரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டவர்கள். பக்குவம் வேண்டும் என்பதில் மட்டும் அவர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை.

ரமண மகரிஷிக்கு 1896ஆம் ஆண்டு, மதுரையில், 16 வயதில், குருவும் பயிற்சியும் இன்றி அந்த விழிப்பு சிறிது நேரத்தில் நிகழவில்லையா என்று கேட்பார்கள். நிகழ்ந்தது. அதன்பின் அவர் வாழ்ந்த விதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதே ஆண்டு திருவண்ணாமலைக்குப் போனவர் பல ஆண்டுகள் பெரும்பாலும் பேசாதிருந்தார்; 1916 வரை விரூபாட்ச குகையில் வாழ்ந்தார். யாரையும் தேடிச்சென்று 'உன் துன்பம் பொய்' என்று அவர் அறிவித்ததில்லை. வந்து கேட்டவர்களிடம், இந்த எண்ணம் யாருக்கு எழுகிறது என்று அவர்களையே பார்க்கச் சொன்னார். விசாரம் கைகூடாதவர்களுக்குச் சரணாகதியைக் காட்டினார். இல்லறத்தைத் துறக்க எண்ணி வந்தவர்களிடம், துறக்க வேண்டியது வீட்டை அன்று, 'நான்' என்ற எண்ணத்தையே என்று விளக்கினார்.

இதை இந்த மாவட்டத்திலிருந்து அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போரோ 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையோ தீண்டாத குடும்பம் இங்கே அரிது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கு விடை கேட்டு 2017 முதல் வெயிலிலும் மழையிலும் வீதியோரம் அமர்ந்த தாய்மார் இந்நகரில் வாழ்கிறார்கள். அவ்வாறான ஒரு தாயிடம், உறவினர் ஒருவரின் மரண வீட்டில், நன்கு படித்த ஓர் இளைஞர், 'அம்மா, பிறந்ததும் இல்லை, இறந்ததும் இல்லை, எல்லாம் மாயை, அழுவது அறியாமை' என்று சொன்னதை அருகிருந்து கேட்டேன். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. தமக்கு அமைதி தந்த ஒன்றை அந்தத் தாய்க்கும் கொடுக்க விரும்பினார். அந்தத் தாய் மறுமொழி எதுவும் சொல்லாமல், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வார்த்தை அந்த இளைஞருடைய சொந்த அனுபவத்திலிருந்து வந்திருக்குமாயின், அந்தத் தாயின் அழுகை அவருக்கு இன்னொருவருடைய அழுகையாகத் தோன்றியிராது என்பது என் துணிபு. இரண்டில்லை என்ற போதனையை எடுத்துக்கொண்டு, அறிந்த நான் என்றும் அறியாத நீ என்றும் இருவரை உண்டாக்குவது அப்போதனையை முழுவதுமாகக் கைவிடுவதாகும். மேலும், வேதாந்தமே உண்மையை வியாவகாரிகம் (அன்றாட வாழ்வின் உண்மை), பாரமார்த்திகம் (இறுதி உண்மை) என்று இரு தளங்களில் வைத்துப் பேசுகிறது. பசித்தவருக்குச் சோறும் பிள்ளையை இழந்தவருக்கு நீதியும் வேண்டியிருக்கும் தளத்தில், பாரமார்த்திக வாக்கியத்தை விடையாக நீட்டுவது அம்மரபின் அளவுகோலாலேயே பிழை. நீதி கேட்டு அமர்ந்திருப்பவர்களைப் பற்றில் கிடந்து உழல்பவர்கள் என்று ஆன்மிகத்தின் பெயரால் இரங்கிப் பேசுவோரைக் காணும்போது என் மனம் கொதிக்கிறது. பௌத்த தியானத்தில் ஈடுபட்டவரான அமெரிக்க உளவியலாளர் ஜோன் வெல்வூட், ஆறாத மனக்காயங்களைச் சுற்றிக் கடந்துபோவதற்கு ஆன்மிகக் கருத்துகளைப் பயன்படுத்தும் போக்கை 1980களிலேயே அடையாளங்காட்டி எச்சரித்தார். அவர் பேசியது பெரும்பாலும் தம்மிடமிருந்தே தப்பிக்கொள்வோரைப் பற்றி. இங்கே நாம் காண்பது பிறருடைய காயத்தையும் அவ்வாறு மூடிவிட முயல்வது.

யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகளின் 'எப்பவோ முடிந்த காரியம்', 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்னும் மகாவாக்கியங்களும் இப்போது இவ்வாறே கையாளப்படுகின்றன. நல்லூர்த் தேரடியில் தம் குரு செல்லப்பா சுவாமிகளிடமிருந்து அவற்றைப் பெற்றவர் உடனே ஊருக்கு அறிவிக்கப் புறப்படவில்லை. கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளக் களஞ்சியத்தைப் பொறுப்பேற்றிருந்தவர் அவ்வேலையை விட்டு, கடுமையே உருவான அந்தக் குருவின் கீழ்ப் பல ஆண்டுகள் நின்று, பின்னர் கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியில் காலங்கழித்தவர் அவர். தம்மிடம் வந்தவர்களுள் ஒருவரை ஏசி அனுப்பினார், ஒருவரைப் பாடச் சொன்னார், ஒருவரோடு பேசாமலே இருந்தார். எவருக்கு எது வேண்டும் என்று பார்த்துக் கொடுத்த அந்த நுண்மையை விட்டுவிட்டு, அவருடைய வாக்கியத்தை மட்டும் எடுத்து எல்லார் வாயையும் அடைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 'நாம் அறியோம்' என்பதும் அவருடைய மகாவாக்கியங்களில் ஒன்று. மரண வீட்டுக்குப் போகிறவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு போகலாம்.

தன் வழியைத் தானே கண்டுகொள்வது என்பதற்கு எவரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை என்று பொருள் கொள்வோரும் உளர். சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1929ஆம் ஆண்டு நெதர்லாந்திலுள்ள ஓமனில், தம்மைத் தலைவராகக் கொண்டு நிறுவப்பட்ட நட்சத்திர சங்கத்தைக் கலைத்து, உண்மைக்குப் பாதை கிடையாது என்று அறிவித்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அதன்பின் 1986இல் மறையும்வரை, அச்சத்தையும் பொறாமையையும் அன்றாட உறவுகளில் நேராகப் பார்க்கும்படி அவர் ஊர் ஊராகச் சென்று கேட்டுக்கொண்டிருந்ததை அவர்கள் சொல்வதில்லை. என் அறிவுக்கு எட்டியவரை, தன் வழி என்பது தன் கேள்விதான். பிறர் உண்ட சோறு நம் பசியை ஆற்றாததுபோல, பிறர் கேள்விக்குக் கிடைத்த விடையும் நமக்கு உதவாது. கடலில் கணவனை இழந்தவரின் கேள்வி ஒன்று. வளாகத்தில் படிக்கும்போது காரணமில்லாத வெறுமை கவிந்த மாணவனின் கேள்வி இன்னொன்று. அந்தக் கேள்வியோடு நேர்மையாக நிற்பவருக்கு, ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய, பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்தும் மறுபடி எழுந்த இந்நகரின் கோணேசர் சந்நிதியில் நின்று உருகுவதே வழியாக அமையலாம். அவரை 'இன்னும் இருமையில் இருக்கிறார்' என்று தாழ்த்திப் பேசுதல் தகாது. நம்மோடு வாழும் முஸ்லிம் மக்களிடமும் குணங்குடி மஸ்தான் சாகிபு முதலிய சூபிகளின் (இஸ்லாமிய ஞானியரின்) பாடல்கள் வழியாக இதே தேடல் தமிழில் பேசப்பட்டு வந்திருக்கிறது.

இன்னொரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மேலைநாட்டுப் பௌத்த தியானிகள் பலர் தியானத்தோடு தொடர்புற்ற கடும் அச்சம், உறக்கமின்மை, தம் உடலும் எண்ணமும் தமக்கே அந்நியமாதல் போன்ற அனுபவங்களை விவரித்திருந்தனர். சிலருக்கு அவை ஆண்டுக்கணக்கில் நீடித்தன. தனியறையில் காணொளியைப் பார்த்து நெடுநேரம் தியானித்து, உறக்கம் கெட்டு, உணவு வெறுத்த ஒரு பிள்ளையைக் கண்டால், ஞானம் பிறக்கிறது என்றோ பேய் பிடித்துவிட்டது என்றோ பெற்றோர் முடிவுகட்டக் கூடாது. பயிற்சியை நிறுத்தி, உண்ணவும் உறங்கவும் வைத்து, வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம். மருத்துவரை நாடுவதால் எவருடைய ஆன்மிகமும் குறைந்துபோவதில்லை.

ஆசிரியர் அவர்களே, தங்கள் வாரப் பதிப்பின் ஆன்மிகப் பக்கம் திருவிழாச் செய்திகளையும் பலன்களையும் தவறாது தருகிறது. அப்பக்கத்தின் ஒரு பகுதியை வாசகர் கேள்விகளுக்கு ஒதுக்கி, சித்தாந்தமும் வேதாந்தமும் முறையாகக் கற்றவர்கள், பௌத்த, சூபி மரபுகளை அறிந்தவர்கள், மனநல மருத்துவர் ஒருவர் ஆகியோர் முறைவைத்து எழுத வழிசெய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அப்படியொரு பகுதி தொடங்குமாயின், இங்குள்ள எங்கள் வாசிப்பு வட்டத்தினர் எழுதிவைத்திருக்கும் கேள்விகளை உடனே அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.